வழியில் நிற்கும் மோட்டார் சைக்கிள்

மாட்டு வண்டிக் காலத்தில், வண்டி வழியில் நின்றுவிட்டால் அதன் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. அச்சு முறிந்திருக்கும்; அல்லது கடையாணி கழன்றிருக்கும்; அல்லது மாடு படுத்திருக்கும். மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டாலோ வெளியே ஒன்றும் தெரிவதில்லை. சக்கரம் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, சாவியும் பூட்டில் இருக்கிறது. வண்டி மட்டும் கிளம்ப மறுக்கிறது.

சொந்த ஊராயின் தெருமுனையில் பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார். பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு இடர் இரண்டு. வண்டியின் நோய் இன்னதெனத் தெரியாமை ஒன்று. தெரிந்ததையும் அவ்வூர் மொழியில் பிழையறச் சொல்ல இயலாமை மற்றொன்று. முன்னதைக் காட்டிலும் பின்னது மிகுந்த பொருட்செலவை உண்டாக்கும் என்பதை நான் பட்டே அறிந்தேன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் இவ்வாறு சொல்ல நேர்ந்தது சற்று வெட்கத்திற்குரியதுதான்.

அலுவல் திருப்பதியிலும் குடும்பம் சித்தூரிலுமாக இருந்த காலம் அது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சனிக்கிழமை மாலை டேங்கை நிரப்பிக்கொண்டு என் பழைய மோட்டார் சைக்கிளில் புறப்படுவேன். சந்திரகிரியை நெருங்கும் வேளையில் எஞ்சின் இரண்டு முறை விக்கும். பிறகு மெல்ல அடங்கி நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்து உதைத்தால் ஒன்றும் நேராதது போலக் கிளம்பும். ஒருநாள் திருப்பதியில் ஒரு திருமணத்திற்கு வந்துவிட்டு மனைவியுடன் திரும்பும்போது, இருட்டிய பின்னர், நெடுஞ்சாலையின் நடுவே அவ்வாறு நின்றது. பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பி எங்களை ஒட்டி விலகிச் சென்றது. அன்று முதல் இது செலவைப் பற்றிய கவலையாக மட்டும் இருக்கவில்லை.

பழுது பார்க்கும் கடையில் எனக்குத் தெரிந்த தெலுங்கில், 'வேடெக்கிதே ஆகிப்போதோந்தி' என்றேன். சூடேறினால் நின்றுபோகிறது என்பது பொருள். சூட்டினால் கெடக்கூடிய பொருள்களை அவர்கள் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். முதலில் பிளக், அடுத்து காயில், இறுதியில் கார்புரேட்டர். மூன்று மாதம் கழிந்தது. வண்டி முன்போலவே நின்றது.

பின்னர் ஒருநாள் பூதலப்பட்டு அருகே சாலையோரத்தில் சிறு கடை வைத்திருந்த முதியவர் ஒருவர் என் துன்பத்தைக் கண்டு அருகே வந்தார். சித்தூர்ச் சீமையில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். 1911-இல் தனி மாவட்டமாகும் வரை அவ்வூர் வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்ததல்லவா? அவர் தமிழிலேயே கேட்டார்: "எத்தனை நிமிடம் ஓடினால் நிற்கிறது, சார்? குளிர்ந்த காலையிலும் நிற்கிறதா? டேங்க் நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்கிறதா?" கால்மணி நேரம், காலையிலும் நிற்கிறது, நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்கிறது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் டேங்கின் மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஒலி கேட்டது. மூடியில் இருக்கவேண்டிய ஊசித்துளை, மண்ணும் மெருகெண்ணெயும் காய்ந்து அடைபட்டிருந்தது. ஒரு மெல்லிய கம்பியால் அதைக் குத்திவிட்டார். அதன்பின் வண்டி நிற்கவில்லை.

நடந்தது இதுவே. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். துளை அடைபட்டால் டேங்கினுள் காற்றழுத்தம் குறையும்; பெட்ரோல் இறங்காது; எஞ்சின் பட்டினியால் அடங்கும். காத்திருக்கும் பத்து நிமிடத்தில் எங்கேனும் ஓர் இடுக்கு வழியே காற்று கசிந்து அழுத்தம் சமமாகும். வண்டி மீண்டும் கிளம்பும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு உரிய இடம் குறைவு. ஆதலால் அழுத்தம் விரைவாகக் குறைந்து வண்டி விரைவாக நிற்கும். பிழை கடைக்காரருடையது அன்று. 'கால்மணி நேரம் ஓடினால் நிற்கிறது' என்னும் உண்மையை நான் 'சூடேறினால் நிற்கிறது' என்று என் ஊகத்தால் திரித்துச் சொல்லிவிட்டேன். மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்ட மொழிபெயர்ப்பு அது.

இனி, வண்டி சொல்வதை உள்ளவாறு கேட்கும் முறையைக் காண்போம்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டுவன மூன்று. காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலந்த கலவை முதலாவது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். அக்கலவையைத் தக்க நொடியில் பற்றவைக்கும் மின்பொறி இரண்டாவது. மெக்கானிக்குகள் இதைக் 'கரெண்டு' என்பர். கலவையைப் பிஸ்டன் இறுக்கி அழுத்துவது மூன்றாவது. இதனைக் கம்ப்ரஷன் என்பர். இம்மூன்றும் இருந்தால் வண்டி கிளம்பியே தீரும். கிளம்பவில்லையெனில் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று அறியும் முன்னர் எதனையும் விலைகொடுத்து வாங்கலாகாது.

தொடக்கத்தில், காசு செலவில்லாத சோதனைகளை முடித்துவிட வேண்டும். கைப்பிடியில் உள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் யாரோ குழந்தை தட்டிவிட்டதால் அணைந்திருக்கக்கூடும். இக்கால வண்டிகள் பலவற்றில் பக்கத்து ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது. அந்த ஸ்டாண்டின் சுவிட்சில் சேறு படிந்தாலும் அதே விளைவுதான். பெட்ரோல் டேப் மூடியிருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்பவேண்டிய நிலையா என்று பார்க்க வேண்டும். டேங்கை அசைத்துப் பார்ப்பதும் இழிவன்று; பெட்ரோல் இல்லாத வண்டியை மூன்று தெரு தள்ளிச் சென்று பழுது பார்க்கக் கொடுத்தவர்களும் உண்டு.

அடுத்து, பெட்ரோல் வருகிறதா என்பது. கார்புரேட்டர் உள்ள வண்டியாயின், அதன் கிண்ணத்தின் அடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் வழியவேண்டும். சிறிது வந்து நின்றுவிட்டால் தடை மேலே உள்ளது: மூடியின் துளை, டேப்பின் வலை, மடிந்த ரப்பர்க் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நன்றாக வழிந்தும் வண்டி கிளம்பவில்லையெனில் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

பிளக் என்பது எஞ்சினின் நாக்கு. வைத்தியர் நோயாளியின் நாக்கை நீட்டச் சொல்வது போலவே இதனையும் பார்க்க வேண்டும். முனை இளம்பழுப்பாக இருந்தால் உள்ளே எரிதல் செம்மையாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம், சோக் முழுதும் விலகாமல் இருக்கலாம். வெளிறி வெண்மையாக இருந்தால் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கு தேய்ந்து எஞ்சின் எண்ணெய் மேலேறுகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. அல்லது பலமுறை உதைத்ததால் பெட்ரோல் மிகுதியாகிப் பிளக் மூழ்கிவிட்டது. மூழ்கியதே காரணமாயின், பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை விலக்கி, ஆக்சிலேட்டரை முழுதும் திருப்பிவைத்துச் சிலமுறை உதைத்தால் கிளம்பிவிடும்.

பொறியைச் சோதிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்து, கிக்கரை உதைத்துப் பார்க்க வேண்டும். நீல நிறத்தில் 'டிக்' என்ற ஒலியுடன் பொறி பறந்தால் நன்று. மஞ்சளாக மெலிந்து தெரிந்தால் வலு போதாது. பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். ஆதலால் பொறி அத்துளையருகே நிகழலாகாது. பெட்ரோல் சிந்திய இடத்தில் இச்சோதனையை அறவே செய்யக்கூடாது. பிளக் எஞ்சினைத் தொடாமல் அந்தரத்தில் இருக்க உதைத்தால் மின்னணுப் பற்றவைப்புக் கருவி கெடவும் கூடும்.

பொறி இல்லையெனில் உடனே காயிலைக் குறைகூற வேண்டா. பிளக் முனைகளின் இடைவெளி பல வண்டிகளில் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். வண்டியுடன் வந்த கையேடு சரியான அளவைக் கூறும். அடுத்து பிளக் தொப்பி, கம்பி, ஃப்யூஸ், பேட்டரி முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையே காட்டினால் மின்னேற்றம் நடைபெறுகிறது. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் 1985-இல் தோன்றிய அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரிகள் நாடெங்கும் செல்கின்றன. எவ்வளவு நல்ல பேட்டரியாயினும், அதன் முனையில் பச்சையும் வெண்மையுமாகப் பூத்த களிம்பு மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். புதுப் பேட்டரி வாங்கும் முன்னர் முனைகளைத் தேய்த்து இறுக்கிப் பாருங்கள்.

மூன்றாவதான கம்ப்ரஷனை அறியக் காலே போதும். கிக்கரை மெல்ல அழுத்தும்போது ஓரிடத்தில் தடை தெரியவேண்டும். தடையின்றி வழுக்கிச் சென்றால் உள்ளே அழுத்தம் இல்லை. அப்பொழுது பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அழுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். தடை கூடினால் ரிங்கு தேய்ந்துள்ளது. கூடாவிட்டால் வால்வுகள் சரியாக மூடவில்லை. இவ்விடத்தில் நம் வேலை முடிந்தது. இனி மெக்கானிக்கின் வேலை.

பழைய புல்லட் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். 1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா தயாரித்த பாயிண்ட் வகை வண்டிகளில், வலிமையால் உதைப்பவர் தோற்பர். முறையறிந்து உதைப்பவர் வெல்வர். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு சிறிதளவு அழுத்திப் பிஸ்டனை உச்சியைக் கடக்கச் செய்து, அதனை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே சீராக உதைக்க வேண்டும். உச்சிக்கு முன் உதைத்தால் கிக்கர் எதிர்த்தடித்துக் காலைக் காயப்படுத்தும்.

கிளம்பிய பின் நிற்கும் வண்டியின் நோயை, அது நிற்கும் விதமே சொல்லும். சாவியைத் திருப்பியது போலச் சட்டென அணைந்தால் மின்சாரத்தில் குறை. தளர்ந்த கம்பி, ஃப்யூஸ், சாவிப் பூட்டு, காயில் ஆகியவற்றை ஐயுற வேண்டும். விக்கி விக்கி மெல்ல அடங்கினால் பெட்ரோல் வருகையில் குறை. சோக் இழுத்திருக்கும் வரை ஓடி, விலக்கியதும் நின்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. சிற்றோட்டத்திற்குரிய ஜெட் அடைபட்டிருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் வெடித்துக் காற்றை உறிஞ்சலாம். சிக்னலில் மட்டும் நின்று, ஓட்டத்தில் ஒழுங்காக இருந்தாலும் ஐயம் சிற்றோட்ட ஜெட்டின் மீதே. குளிர்ந்தபோது நன்றாகக் கிளம்பி, நெடுந்தூரம் ஓடிச் சூடான பின் கிளம்ப மறுத்தால் வால்வு இடைவெளி இறுகியிருக்கலாம், அல்லது காயில் சூட்டில் தளரலாம்.

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் நீங்கி, பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு முறை பரவிவிட்டது. இவ்வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் டேங்கினுள் பம்பு இரண்டு மூன்று விநாடி முரலும். அவ்வொலி இல்லையெனில் பேட்டரி, ஃப்யூஸ், பம்பு என்னும் வரிசையில் பார்க்க வேண்டும். எஞ்சின் படம் உள்ள எச்சரிக்கை விளக்கு ஓட்டத்தின்போதும் அணையாதிருந்தால், எத்தனை முறை மின்னுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பல வண்டிகளில் அவ்வெண்ணிக்கையே குறையின் பெயர். பேட்டரி மெலிந்தால் பம்பும் மெலியும் என்பதால், இவ்வகை வண்டிகட்குப் பேட்டரியே உயிர்நிலை.

திருப்பதியில் வாழ்வோர் மலைப்பாதையையும் எண்ணவேண்டும். 1944-இல் திறந்த பழைய பாதை இறங்குவதற்கும், 1974-இல் திறந்த புதிய பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும், திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அவ்வளவு ஏறும்போது காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறையும். கார்புரேட்டர் வண்டியில் கலவையில் பெட்ரோல் சற்று மிகும். நலமான வண்டி இதனைத் தாங்கிக்கொள்ளும். ஏர் ஃபில்டர் அடைபட்டு முன்னமே கரி துப்பும் வண்டியோ பாதி மலையில் விக்கத் தொடங்கும். ஆதலால் கீழே சிறு குறையுள்ள வண்டியை மலைக்கு எடுத்துச் செல்லாதிருப்பதே அறிவுடைமை. வளைவில் நின்றுவிட்டால், அவ்விடத்திலேயே உதைத்துக்கொண்டிராமல், வண்டியை ஓரத்திற்குத் தள்ளி விளக்கைச் சிமிட்டவிடுங்கள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி எஞ்சினை அணைத்து உருளவிடுவது பெருந்தவறு. கியரில் உள்ள எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அஃதின்றி பிரேக் மட்டுமே வேலை செய்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும்.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊர் சென்று திரும்பும் நம்மவர் பலர்க்கு, வாரக்கணக்கில் நின்ற வண்டி கிளம்புவதில்லை. பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. டேங்கில் நீர் சேர்ந்தால் அது எத்தனாலுடன் கூடிப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் செல்வதும் அந்த அடிநீரே. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் இதனால் இளகக்கூடும். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக உறைந்து ஜெட்டை அடைக்கும். ஊருக்குப் புறப்படும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானே அடங்கும் வரை ஓடவிட்டால் கிண்ணம் வறண்டுவிடும். நெடுநாள் செல்வதாயின் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவைப்பதும் நன்று.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு விதி வேறு. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதித் தெருக்கள் நீரில் மூழ்கின, மலைப்பாதைகளும் மூடப்பட்டன. இவ்வாறு நீரில் நின்ற வண்டியை, வெள்ளம் வடிந்ததும் ஆவலுடன் உதைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதைச் செய்யலாகாது. சிலிண்டரில் நீர் இருந்தால், காற்றைப் போல நீர் சுருங்காது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து எஞ்சினே பாழாகும். பிளக்கைக் கழற்றிவைத்து, சாவியைத் திருப்பாமல் கிக்கரை மெல்ல அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். கிக்கர் இல்லாத வண்டியாயின் மெக்கானிக்கிடம் தள்ளிச் செல்வதே வழி. ஏர் ஃபில்டரை மாற்றி, எஞ்சின் எண்ணெய் பாலேறி வெளுத்திருந்தால் அதனையும் மாற்றிய பின்னரே கிளப்ப வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின்னும் பல சமயங்களில் நாம் மெக்கானிக்கிடம்தான் செல்லவேண்டியிருக்கும். அப்பொழுது நான்கு செய்திகளை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். எத்தனை நிமிடம் அல்லது எத்தனை கிலோமீட்டர் ஓடிய பின் நிற்கிறது? சட்டென நிற்கிறதா, விக்கி நிற்கிறதா? எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் கிளம்புகிறது? அண்மையில் வண்டியில் எதை மாற்றினீர்கள், எங்கே கழுவினீர்கள்? இவற்றிற்கு விடை எழுதிய ஒரு துண்டுத்தாள் போதும். மொழியறிந்த நண்பர் எவரும் அதைப் படித்துச் சொல்லிவிடுவார். காயில் போய்விட்டது, கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று நாமே தீர்ப்புக் கூறினால், அத்தீர்ப்பின்படி பொருள்கள் மாற்றப்படும், செலவும் நம்முடையதாகும். மேலும், ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றை ஒருசேர மாற்றிய பின் நோய் தீர்ந்தால், தீர்த்தது எது என்று ஒருவர்க்கும் தெரியாது.

அன்று நான் அந்தக் கடையில் சொல்லியிருக்கவேண்டிய வாக்கியம் மிகச் சிறியது: 'பாவுகண்ட நடிபிதே ஆகிப்போதோந்தி.' கால்மணி நேரம் ஓட்டினால் நின்றுபோகிறது. அதில் ஊகம் இல்லை, கண்டது மட்டுமே உண்டு. அவ்வாறு சொல்லியிருந்தால் மூன்று மாதக் கவலையும் இரவு நேரத்து அச்சமும் ஒரு மெல்லிய கம்பியோடு தீர்ந்திருக்கும்.